அவர் காத்திருந்த கைக்கடிகாரம்

பேக்கரியில் எல்லோரும் அவளைக் கேக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கேக் சுடுவது அவள் வேலை இல்லை. அதற்கு உள்ளே மாஸ்டர் இருக்கிறார். ஆறிய கேக்கைச் சுழலும் தட்டில் ஏற்றி, க்ரீம் பூசி, கோனைப் பிழிந்து மேலே பெயரும் வாழ்த்தும் எழுதுவது அவள் வேலை. ஊரில் பாதிப் பேருடைய பிரியம் அவள் கை வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதிலும் ஆண்கள் ஆர்டர் கொடுக்கும் அழகே தனி. "வொய்ஃபுக்கு. என்ன எழுதறதுன்னு தெரியல, நீங்களே ஏதாவது எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டிக்கொண்டு நிற்பார்கள். கேக்கம்மா வாய்க்குள் திட்டிக்கொண்டே 'என் உயிருக்கு' என்று எழுதிக் கொடுப்பாள். வீட்டில் அந்தப் பெண் அதைப் படித்து உருகிப்போவாள், பாவம்.

அவளுடைய கணவர் அந்த அளவுக்குக்கூடத் தேறமாட்டார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வடம், பிரேக், கதவு எல்லாவற்றையும் தன் கையால் தொட்டுப் பார்க்காமல் "சரியா இருக்கு" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது, கட்டட மேனேஜர் தலைகீழாக நின்றாலும் சரி. அந்தக் குணம் லிஃப்டில் ஏறுபவர்களுக்கு நல்லது. கட்டிக்கொண்டவளுக்கு? புதுத் துணியைக் கட்டிக்கொண்டு வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால், மேலும் கீழும் பார்த்துவிட்டு "சுமாரா இருக்கு" என்பார். பொய் சொல்லத் தெரியாது, பரிசு கொடுக்கவும் தெரியாது. அவளுடைய அக்கா அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்தக் கல்லுளிமங்கனுக்கும் ஓர் ஆசை இருந்தது. வேலை பழகிய காலத்தில் அவருக்கு மேலே இருந்த இன்ஜினியர் ஒருவர், லிஃப்ட் குழியின் இருட்டுக்குள் கையை நீட்டியபோது அவருடைய வாட்ச் முள்ளெல்லாம் பச்சையாக மினுங்கியதாம். அதைப் பார்த்த நாளிலிருந்து இவருக்கு அதே வாட்ச் வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்து, வீட்டுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்த பிறகு, லீவு நாட்களில் வெளிவேலை பார்த்துச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். அந்தக் கம்பெனி தன் வாட்ச்சை விற்க அனுமதி கொடுத்திருந்தது ஊரில் அந்த ஒரு ஷோரூமுக்கு மட்டும்தான். கண்ணாடிக்குள்ளே வாட்ச் இருந்தது. 'பார்வைக்கு மட்டும்' என்று பக்கத்தில் சின்ன அட்டையும் இருந்தது. பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள், வந்தால் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"காசு குடுக்கறவங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும், விக்கறவங்க கால்மேல கால் போட்டுக்கணும். இது என்னங்க வியாபாரம்?" என்று கேக்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அது அப்படித்தான்" என்றார் அவர்.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடக்க ஆரம்பித்தது. ஒரு நாள் வாட்ச் வந்துவிட்டதா என்று விசாரிக்கப் போனவர், திரும்பி வந்து மேசைமேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார். உள்ளே மோதிரம். "உனக்கு" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. கேக்கம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு வளையல் வந்தது. அப்புறம் ஒரு செயின். எல்லாம் அதே ஷோரூமின் நகைப் பக்கத்தில் வாங்கியவை. தனக்கு வேண்டியதைக் கேட்கப் போன இடத்தில், அது கிடைக்காத வருத்தத்திலும், மனுஷனுக்குத் தன் ஞாபகம் வருகிறதே என்று அவள் பூரித்துப்போனாள். வேலை நேரத்தில் மோதிரம் போடக்கூடாது. க்ரீமில் விழுந்தால் வம்பு. அதனால் அதை ஓர் ஊக்கில் கோத்து உடுப்பின் உட்புறம் குத்திக்கொள்வாள். யாருக்கோ 'என் உயிருக்கு' என்று எழுதும்போதெல்லாம் மோதிரம் உள்ளே உரசும். இப்போதெல்லாம் அவள் அந்த ஆண்களைத் திட்டுவதில்லை. அவர்களும் ஒரு நாள் திருந்துவார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

அடுத்த வருடம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. தள்ளுகட்டிலில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோகும்போது கணவரின் கையைப் பிடித்து, "எங்கயும் போயிடாதீங்க" என்றாள். அவர் தலையாட்டினார். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது அக்கா மட்டும்தான் பக்கத்தில் இருந்தாள். அக்காவின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"உன் வீட்டுக்காரர் எங்கடி போனாரு? நீ உள்ள போன கையோட ஆளக் காணோம்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் மூச்சிரைக்க வந்தார். கட்டிலின் ஓரத்தில் ஒரு பெட்டியை வைத்தார். தோடு. அக்காவின் கடுகடுப்பு போன இடம் தெரியவில்லை. கேக்கம்மாவுக்கோ வலியிலும் கண்ணில் நீர் முட்டியது. தன்னை அந்தக் கதவுக்குள் அனுப்பிவிட்டு வெளியே உட்கார அவருக்கு மனசு கேட்கவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் ஓடிப்போய்த் தோடு வாங்கி வந்திருக்கிறார் என்று அவளே புரிந்துகொண்டாள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேக்கரியிலிருந்து பார்க்க வந்தவர்களில் அவள் அதைச் சொல்லாத ஆள் கிடையாது. அவர்கள் வழியாக மாவு மூட்டை இறக்க வருபவருக்குக்கூட அந்தக் கதை தெரிந்துவிட்டது. அக்கா கல்லுளிமங்கன் என்று சொல்வதை நிறுத்திவிட்டு, தன் கணவரை வாட்ட ஆரம்பித்தாள். தன் கல்யாண வாழ்க்கையில் எது போனாலும் அந்த ஒரு தோடு போதும் என்று கேக்கம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே ஷோரூமிலிருந்து அழைப்பு வந்தது. வாட்ச் வந்துவிட்டது, பெயர் கொடுத்தவர் நேரில்தான் வர வேண்டும், கையில் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றார்கள். உடம்பு தேறியதும் போகலாம் என்று அவர் சொல்லவில்லை. அடுத்தவருக்குப் போய்விடும் என்ற பயம். கேக்கம்மாவே, "நானும் வர்றேங்க, மெதுவா நடந்தா ஒண்ணும் ஆகாது" என்றாள். மோதிரம், வளையல், செயின், தோடு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பின்பக்கத்துச் சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். கோட்டு போட்ட விற்பனைப் பையன் காபி கொண்டுவந்து வைத்தான். தங்கமான பையன். கையுறை மாட்டிக்கொண்டு, வாட்ச்மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கை அவர்கள் கண்முன்னே உரித்தான். வாங்கியவர் புதுசென்று வேறு ஆளுக்கு விற்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு வழக்கமாம். பட்டையிலிருந்து இரண்டு கண்ணிகளைக் கழற்றி அவர் மணிக்கட்டுக்குச் சரிசெய்தான். அவர் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததே இல்லை. பையன் சந்தோஷத்தோடு அவள் பக்கம் திரும்பினான்.

"உண்மையச் சொல்லணும்னா, மேடம், இந்த வாட்ச் உங்களாலதான் வந்துச்சு."

"நான் என்ன தம்பி பண்ணேன்? கேக்குல பேர் எழுதிட்டிருக்கேன்."

"வாட்ச் மட்டும் கேட்டவங்க இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்காங்க. நகைப் பக்கமும் விடாம வாங்கறவங்களுக்குத்தான் முதல்ல ஒதுக்குவோம். சாருக்கு ஆரம்பத்துலயே சொல்லிட்டேன். சார் கெட்டிக்காரர், அதையே பிடிச்சுக்கிட்டு லிஸ்ட்ல மேல வந்துட்டாரு."

கேக்கம்மா கையிலிருந்த மோதிரத்தைப் பார்த்தாள். இருந்தாலும் சமாளித்துக்கொண்டாள். அதனாலென்ன, அவருக்கும் ஆயிற்று, எனக்கும் ஆயிற்று என்று நினைத்தாள். அவர் பையனை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். பையன் அதைப் பார்க்கவில்லை.

"கடைசியா அந்தத் தோடுதான் காப்பாத்துச்சு. வருஷக் கணக்கு முடியற நாள். இன்னிக்குள்ள ஏதாவது ஒண்ணு வாங்கினா உங்க பேரு வந்துடும் சார்னு போன் பண்ணேன். ஆஸ்பத்திரில இருக்கேன்னாரு. ஐயோ வேணாம் சார்னேன். இப்பதான் உள்ள கொண்டுபோனாங்க, எப்படியும் நேரமாகும், வந்துட்டுப் போயிடறேன்னு ஓடி வந்தாரு. எந்தத் தோடுன்னுகூடப் பாக்கல. ஏதாவது ஒண்ணு குடுப்பான்னாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். உங்களுக்கு எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க!"

"நீங்கதான் எடுத்தீங்களா தம்பி?"

"ஆமா மேடம்."

"நல்லா இருக்கு" என்றாள் கேக்கம்மா. பையன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் செய்தது அவள் தினமும் செய்கிற வேலைதான்.

இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். வந்ததும் அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள். தோடுதான் கழற்ற வரவில்லை, திருகு இறுகிக்கொண்டது. அவர் உதவிக்கு வந்தார். "வேணாம்" என்று சொல்லித் தானே கழற்றினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுல ஏதாவது ஒண்ணு, வாட்ச் இல்லன்னாலும் எனக்கு வாங்கியிருப்பீங்களா?"

அவர் மேசையைப் பார்த்தார். மோதிரத்தை எடுத்துப் பார்த்தார், வளையலைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை இந்த மனுஷன் பொய் சொல்லித் தொலைக்கட்டுமே என்று அவள் வேண்டிக்கொண்டாள். 'ஆமாம்' என்று சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவாள்.

"இல்ல" என்றார் அவர். மோதிரத்தை மேசையில் திரும்ப வைத்தார். "ஆனா நீ ஒவ்வொண்ணையும் போட்டுக்கிட்டுக் கண்ணாடி பாக்கறப்போ எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அது சத்தியம்."

அது சத்தியம் என்று அவளுக்கும் தெரியும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அவள் அழுதாள், சத்தம் போட்டு, தையல் வலிக்க வலிக்க அழுதாள். அவர் எதிரே நின்றார். கையில் புது வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அக்கா போன் செய்தாள். "வாட்ச் வந்துடுச்சாமே! போட்டோ அனுப்பு. தோட்டைப் போட்டுக்கிட்டு நீயும் நில்லு" என்றாள். "மெருகுக்குக் குடுத்திருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டுக் கேக்கம்மா போனை வைத்தாள். அக்காவிடம் எதைச் சொல்வது? ஊரெல்லாம் சொன்ன கதையை யாரிடமிருந்து திரும்ப வாங்குவது?

அவர் வாட்ச்சைக் கட்டவில்லை. பெட்டியோடு அலமாரியில் வைத்தவர் பிறகு திறக்கவே இல்லை. வீட்டில் சண்டை கிடையாது. சாப்பாடு நேரத்துக்கு நடந்தது. அவள் மறுபடி பேக்கரிக்குப் போனாள். நாள் முழுக்க நின்று வேலை பார்த்ததில் குதிகாலில் வலி பிடித்துக்கொண்டது. ஒரு தடவை துணி மடிக்கும்போது யாரிடம் என்றில்லாமல் "அம்மா, கால்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவர் வேலையிலிருந்து வந்து ஓர் அட்டைப் பெட்டியை நீட்டினார். உள்ளே மெத்தென்று அடிப்பாகம் வைத்த செருப்பு. அளவு தெரிய வேண்டும் என்று காலையில் அவளுடைய பழைய செருப்பில் ஒன்றைக் கருவிப் பைக்குள் ஒளித்து எடுத்துப்போயிருந்தார். ஒரு செருப்பைக் காணாமல் அவள் வீடெல்லாம் தேடியிருந்தாள். இப்போது அவர் பையிலிருந்து அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, குனிந்து புதுச் செருப்பை அவள் காலில் மாட்டினார். குதிகாலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, இடம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார்.

கேக்கம்மாவுக்கு அவர் தலையில் கை வைக்க வேண்டும்போல் இருந்தது. கை எழுந்ததும் உண்மை. வாய்தான் முந்திக்கொண்டது.

"எதுக்குங்க இது?"

"கால் வலிக்குதுன்னியே. உனக்குத்தான்."

"அது சரி. வேற எதுக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "வேற எதுக்கும் இல்லம்மா" என்றார்.

அவர் பொய் சொல்லமாட்டார் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இருந்தும், அவர் கை கழுவ உள்ளே போன பிறகு, அட்டைப் பெட்டியைத் திருப்பி அதில் எந்தக் கடையின் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்தாள்.