ஊசிக்கார ஆக்னஸ் மயங்கி விழுந்த கதை

ஹைதராபாத் பக்கம் போலாரத்தில் முப்பது வயதுக்குக் கீழே உள்ள யாருடைய இடது கைச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாலும் என் மனைவியின் கைவேலை தெரியும். ராணுவக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த சின்ன தர்ம டிஸ்பென்சரியில் ஆக்னஸ் நர்ஸ். கட்டுப் போடுவாள், பிரஷர் பார்ப்பாள், மாத்திரை கொடுப்பாள். ஆனால் ஊர் வைத்த பெயர் ஊசிக்கார ஆக்னஸ். எங்கள் தெருவில் சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளைப் பூச்சாண்டி காட்டி யாரும் மிரட்டுவதில்லை. "ஆக்னஸம்மாவைக் கூப்பிடவா?" என்றால் தட்டு காலியாகிவிடும். அவளோடு நான் கடைக்குப் போனால் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளியும். புருஷன் என்ற முறையில் எனக்கும் அந்தக் கெட்ட பெயரில் பங்கு உண்டு.

அவளுக்கு இதில் பெருமை வேறு. ஒருமுறை மீசையும் விறைப்புமாக வந்த ஹவில்தார் ஒருவர், டெட்டனஸ் ஊசியைக் கண்டதும் பொத்தென்று விழுந்தார். அவர் முகத்தில் தண்ணீர் தெளித்து அனுப்பிவிட்டு வந்தவள் ஒரு வாரம் விடாமல் சிரித்தாள்.

"இந்த ஆளை நம்பியாங்க நாம நிம்மதியா தூங்குறோம்?" என்பாள். மறுபடியும் சிரிப்பாள். குழம்பு அடிப்பிடிக்கும்.

அவளே ஊசி போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. காய்ச்சலோ, தலைவலியோ, மாத்திரைதான். "எனக்கு ஊசி ஒத்துக்காதுங்க, உடம்பு சூடாயிடும்" என்பாள். நர்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் மண்டையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பன்றிக் காய்ச்சல் வந்தது. கூடவே ஊருக்குப் பைத்தியமும் வந்தது. கற்பூரமும் ஏலக்காயும் முடிந்த சின்னத் துணிமூட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, ஆளாளுக்கு முகர்ந்துகொண்டே நடந்தார்கள். சர்ச்சில் பூசையின்போது பக்கத்தில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்லக் கைகுலுக்க வேண்டாம், கும்பிட்டால் போதும் என்றார் எங்கள் பங்குச் சாமியார் ஃபாதர் ஆரோக்கியசாமி. மனஸ்தாபத்தில் இருந்த குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி. பன்றிக்கறிக் கடையில் ஈ ஓட்டினார்கள். "கறியில வராது, மூச்சுலதான் வரும்" என்று கடைக்காரருக்கு ஆதரவாகப் பேசிவிட்டு, ஆக்னஸ் ஞாயிறுதோறும் அரை விலைக்கு வாங்கி வந்தாள்.

எனக்கும் அந்த வருடம் ஒரு லாபம். மல்லாபூரில் பிளாஸ்டிக் பைப் கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். தூசியைத் தின்றே வளர்ந்த ஆஸ்துமா. பஸ்ஸில் ஏறி ஒரு தடவை இருமினால் போதும், நாலு பேர் எழுந்து போவார்கள். நான் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்வேன். பக்கத்து சீட்டில் என் டிபன் டப்பா உட்காரும். இப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த வருடம் மழையோடு காய்ச்சல் திரும்பி வந்தபோது அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஜூலையில் எனக்கு மூச்சு அடைத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நல்லவேளை, பன்றிக் காய்ச்சல் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, ஆக்னஸைப் பார்த்துச் சொன்னார்: "இந்த நுரையீரலுக்கு அந்தக் காய்ச்சல் வந்தா தாங்காதும்மா. தடுப்பூசி வந்திருக்கு, சீக்கிரம் போட்டுடுங்க."

அன்றிலிருந்து அவள் என்னைப் பிடுங்க ஆரம்பித்தாள். நான் மசியவில்லை. காரணம், எங்கள் மாடியில் குடியிருந்த ஸ்ரீகாந்த். கோயம்புத்தூர்ப் பையன், ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. உலகத்தில் எங்கே யார் எதை எழுதினாலும் அவனுக்கு மெயில் வரும். அதை அச்செடுத்து எனக்குக் கொண்டுவந்து தருவான். ஊசியில் பாதரசம் இருக்கிறது, நரம்பு செத்துவிடும், எல்லாம் அமெரிக்கக் கம்பெனி சதி.

"அங்கிள், முப்பது வருசம் கழிச்சு என்ன பண்ணும்னு யாருக்குங்க தெரியும்?" என்பான்.

முப்பது வருடம் கழித்து நான் இருப்பேன் என்று நம்பிய ஒரே ஆள் அவன்தான். அதனாலேயே அவன்மேல் எனக்குப் பிரியம். கீழ்வீட்டு சௌந்தரராஜன், ஓய்வுபெற்ற என்ஜினியர், நிலவேம்புக் கஷாயம் கட்சி. தெருவில் இரண்டு கட்சியும் சேர்ந்து பெரிய மெஜாரிட்டி.

ஆக்னஸிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஆஸ்பத்திரி ஆளுங்களுக்குத்தானே முதல்ல போட்டாங்க. நீ போட்டுக்கிட்டியா?"

"அன்னிக்கு எனக்கு சளி."

"அடுத்த வாரம்?"

"மருந்து தீந்துபோச்சுங்க."

"அப்ப நீ முதல்ல போட்டுக்கோ. உனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் போட்டுக்கறேன்."

கோபம் வந்தால் எங்கள் வீட்டில் ஹைதராபாத் உருது தானாக வந்துவிடும்; 'ஏன்' என்பது 'கைக்கு' ஆகும், 'வேண்டாம்' என்பது 'நக்கோ' ஆகும். "கைக்கு இப்படி உயிரை வாங்குறீங்க? நக்கோ, என்கிட்ட பேசவே நக்கோ" என்று சமையலறைக்குள் போனாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பிறகு சர்ச்சின் பங்கு மண்டபத்தில் தடுப்பூசி முகாம் என்று ஃபாதர் அறிவித்தார். எல்லாரும் வரலாம், எந்த மதமானாலும் சரி, தைரியமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று பிரசங்கம் செய்தார். முகாம் அன்று பார்த்து அவருக்கு மல்லாபூரில் அவசரமாக ஜெபம் சொல்லி ஒரு வீடு மந்திரிக்க வேண்டியிருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. போட்டுக்கொள்ள வந்த கூட்டம் இல்லை அது. நான் கேட்டபடி முதலில் போட்டுக்கொள்ள ஆக்னஸ் ஒத்துக்கொண்டிருந்தாள்; ஊசிக்கார ஆக்னஸுக்கே ஊசி போடுகிறார்கள் என்று யாரோ பரப்பிவிட்டிருந்தார்கள். அவளிடம் குத்து வாங்கிய ஒரு தலைமுறையே குழந்தை குட்டிகளோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஊசி போட வந்தவன் இர்பான். அவனுக்கு முத்தடுப்பு ஊசி போட்டவளே ஆக்னஸ்தான், அப்போது அவள் விரலைக் கடித்து வைத்தவன். இப்போது வெள்ளைக் கோட்டு, கையுறையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஆவோ ஆன்ட்டி, உக்காருங்க. ரொம்ப நாளா இதுக்குத்தான் காத்திருந்தேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆக்னஸ் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இர்பான் அவள் கையில் பஞ்சால் தேய்த்து, ஊசியை எடுத்து, மூடியைக் கழற்றினான். அவ்வளவுதான். என் மனைவி கண் செருகி, நாற்காலியோடு பக்கவாட்டில் சரிந்தாள்.

"ஐயோ, போயிட்டாங்க!" என்று யாரோ ஒரு புண்ணியவதி அலறினாள்.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! பெஞ்சுகள் கவிழ்ந்தன. செருப்புகள் ஜோடி பிரிந்தன. சௌந்தரராஜன் அந்த முழங்கால் வலியோடு ஜன்னல் வழியாகக் குதித்தார். நானும் ஓடினேன். வாசற்படிக்கு வந்த பிறகுதான், விழுந்தது என் பெண்டாட்டி என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி உள்ளே ஓடினேன். அதற்குள் மூச்சு வாங்கி, நெஞ்சுக்குள் விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

இர்பான் அவளைத் தரையில் படுக்கவைத்துக் கால்களைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஒரே நிமிடத்தில் கண் திறந்தாள். உயிர் வந்தது எனக்கு. வெளியே மரத்தடியில் கூட்டம் கூடி, செய்தி வளர்ந்துகொண்டிருந்தது. பாதரசம் நேரே மூளைக்கு ஏறிவிட்டது என்று ஸ்ரீகாந்த் விளக்கிக்கொண்டிருந்தான். அவன் பெரிய போனில் ஏற்கெனவே மெயில் அடிக்கவும் தொடங்கிவிட்டான்.

"இன்னிக்கு யாரும் வரமாட்டாங்க ஆன்ட்டி" என்று இர்பான் ஐஸ் பெட்டியை மூடப் போனான்.

"வா ஆக்னஸ், வீட்டுக்குப் போகலாம்" என்றேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் விசில் அடித்தது. "உன்னையே இந்த ஊசி இப்படிச் சாய்ச்சிருச்சு. என்னை விட்டுவைக்குமா?"

அவள் என் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி என்மேல படவே இல்லைங்க."

"சும்மா சொல்லாதே. எனக்குப் போட்டுவிடணும்னு சொல்றே."

"படலைங்க. இர்பானைக் கேளுங்க."

"அவன் முகாம் நடத்தறவன். அவன் வேற என்ன சொல்வான்?"

எத்தனை பிடிவாதம் எனக்கு! இன்றைக்கு நினைத்தாலும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஆக்னஸ் எழுந்தாள். தள்ளாடிக்கொண்டே மண்டப வாசலுக்குப் போனாள். அவளைக் கண்டதும் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. எத்தனை வருடமாக அந்த ஊரைத் தன் ஒரு பார்வையால் மிரட்டி வைத்திருந்தவள்.

"மருந்து ஒண்ணும் பண்ணலை" என்றாள் சத்தமாக. "ஊசி உள்ளேயே போகலை. எனக்கு ஊசின்னா பயம். சின்ன வயசிலேர்ந்து பயம். மத்தவங்களுக்குப் போடறப்ப ஒண்ணும் தெரியாது. எனக்குன்னா கால் நடுங்கும். எங்க வீட்டுக்காரருக்கே இன்னிக்குத்தான் தெரியும். சிரிக்கறவங்க சிரிச்சுக்கோங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் வாயைப் பிளந்து பார்த்தது.

சௌந்தரராஜன் முழங்காலைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். "எனக்கும் கொஞ்சம் அப்படித்தாம்மா" என்றார்.

"என்ன சார், கஷாயம்னு சொன்னீங்க?" என்றாள் ஆக்னஸ்.

"கஷாயம் நல்லதுதான். ஆனா... ஊசியும் பயம்தான்."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. எனக்கும், எனக்கும் என்று நாலாப் பக்கமும் குரல்கள். அமெரிக்கச் சதி போன இடம் தெரியவில்லை. பாதரசத்தை ஒருவரும் விசாரிக்கவில்லை. ஒரு வருடமாக அந்தத் தெருவே படித்த படிப்பையெல்லாம் ஒன்றுதிரட்டி மறைத்துவைத்திருந்தது ஓர் அங்குல ஊசிமேல் இருந்த பயத்தை! மல்லாபூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஃபாதர் ஆரோக்கியசாமி, விஷயத்தைக் கேட்டதும் அங்கியைச் சரிசெய்துகொண்டு, "ஆண்டவர் என்னையும் மன்னிக்கணும்" என்று வரிசையில் போய் நின்றார்.

ஆக்னஸ் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த முறை விழவில்லை. "அந்தோணியாரே!" என்று அவள் போட்ட கூச்சலில் மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. இர்பான் பல்லைக் காட்டவில்லை. "ஹோகயா ஆன்ட்டி, முடிஞ்சுது" என்று அவள் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தான்.

அதன்பிறகு அவள் வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று, வந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். ஸ்ரீகாந்தின் முறை வந்தது.

"ஆன்ட்டி, ஊசி ரொம்பப் பெருசுங்களா?"

"வலிக்கும்பா. கத்திக்கோ. நான் கத்தலையா?"

கத்தினான். நல்ல கோயம்புத்தூர்க் கத்தல். கத்தி முடித்ததும் போனை எடுத்து, அடித்து வைத்திருந்த மெயிலை அழித்தான்.

கடைசியாக நான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஊசிப் பயம் கிடையாது என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டேன், நிஜமாகவே கிடையாது. பக்கத்தில் பார்த்தால் ஆக்னஸ் இரண்டு கையாலும் என் கையைப் பற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தாள். போலாரத்தையே குத்தித் தள்ளியவள் என் கையில் ஊசி இறங்குவதைப் பார்க்க முடியாமல் நின்றாள். அவள் உதடு ஜெபம் சொல்வதுபோல அசைந்துகொண்டே இருந்தது. ஜூலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று அதுவரை நான் யோசித்துப் பார்த்ததேயில்லை.

"உள்ள போயிருச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"போயிருச்சு ஆக்னஸ்."

"நிஜமா?"

"நிஜமா."

கண்ணைத் திறந்தாள். ஊர் பார்க்க, ஃபாதர் பார்க்க, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.