வேன் உள்ளே வராது

எங்கள் தோட்டம் ரெங்கம் டவுனுக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்துக்கு ஒரு மைலுக்கு மேல் செம்மண் பாதை. டவுனுக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தியபோது, அதைவிட நல்லதாக ஒன்று வரப்போகிறது என்றார்கள். வந்தது ஒரு வேன். கைப்பேசியில் கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கே வரும் என்று பந்தல் போட்டு, பிரியாணி கொடுத்து, பேசிவிட்டுப் போனார்கள். நானும் கை தட்டினேன்.

என் கணவருக்கு இனிப்புநீர், அதுதான் சர்க்கரை வியாதி. காலில் வந்த புண் ஆறவே இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் டவுன் கிளினிக்கில் கட்டு மாற்ற வேண்டும். அந்தக் காலோடு அவரால் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. எனக்கு ஓட்டத் தெரியாது. மகன் விடிவதற்குள் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுவான். அதனால் வேனைக் கூப்பிட்டேன். கைப்பேசித் திரையில் ஒரு நீலக் கோடு மெயின் ரோடு வழியாக வந்து, எங்கள் பாதை பிரியும் சந்திப்பில் நின்றுவிட்டது. அதற்கு இந்தப் பக்கம் வெறும் சாம்பல் நிறம். எங்கள் வீடு அந்தச் சாம்பலில் இருந்தது.

கேட்டால், அந்தப் பாதை தோட்டக் கம்பெனிக்குச் சொந்தமாம். பழக்குலை ஏற்றும் லோரிகள் நாள் முழுக்க அதில்தான் ஓடுகின்றன. லோரிக்கு அது ரோடு. புண் காலுக்கு மட்டும் அது அடுத்தவன் சொத்து.

நடந்தோம். மழைக்காலத்தில், புதிதாகக் கட்டிய வெள்ளைத் துணி வீடு சேர்வதற்குள் சேற்றில் ஊறிச் சிவந்திருக்கும். அடுத்த முறை நர்ஸ் திட்டுவார்.

"ஏன் நனைய விட்டீங்க? சொன்னா கேக்க மாட்டீங்களா?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்பார். இவர் எதற்குக் கேட்க வேண்டும் என்று எனக்குக் கோபம் வரும். முதலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். பிறகு பக்கத்து விரலையும்.

அதன் பிறகு முதல் தடவை கட்டு மாற்றிவிட்டுத் திரும்பிய அன்று நல்ல மழை. சந்திப்பில் வேன் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் எங்களோடு வந்திருந்தாள். நிறைமாதக் கர்ப்பிணி. டிரைவர் என் வயதுள்ள மலாய்க்காரர். கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"மாசோக் லா, அபாங்," என்றேன். உள்ளே போங்கள் அண்ணா என்று.

"தாக் போலே, காக்." முடியாது அக்கா என்று சொல்லி, மேலே ஆபீஸ்காரர்கள் வைத்திருந்த கேமராவைக் காட்டினார்.

அப்படியானால் இறங்க மாட்டேன் என்று மலாயிலேயே சொன்னேன். "நானும் எறங்கல, அக்கா," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

என் கணவர் என் கையைப் பிடித்தார். "எறங்கிடலாம்மா. பாவம், அவருக்கு வேலை போயிடும்."

"உங்களுக்குக் காலே போவுது!" கத்திவிட்டேன்.

டிரைவர் வேன் ஆபீசுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். தமிழ்ப் பெண் குரல், மிக மென்மையாக.

"மேடம், அது பிரைவேட் ரோடு. எங்க ஏரியா ஜங்ஷனோட முடிஞ்சிடுது. நீங்க கம்ப்ளேன் பண்ணுங்க, நாங்க பாக்கிறோம்."

"பாக்கிறதுன்னா இங்க வந்து பாருங்க. ரெண்டு விரல் இல்லாத மனுசன் சேத்துல எப்படி நடக்கிறாருன்னு பாருங்க."

"உங்க பீலிங் புரியுது, மேடம்."

புரியவில்லை. புரிந்திருந்தால் அந்தக் குரல் அவ்வளவு இதமாக இருந்திருக்காது. போனை டிரைவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார். கண்ணாடியில் என் கணவரின் காலைப் பார்த்தார். பிறகு வண்டியைத் தோட்டத்துக்குள் திருப்பினார். காவலாளி எதுவும் கேட்காமலே கேட்டைத் தூக்கினான். எங்கள் வாசலில் நிறுத்தி, என் கணவரைத் தோளில் தாங்கிப் படி ஏற்றிவிட்டுப் போனார் அந்த மனிதர்.

அடுத்த தடவை வேறு டிரைவர் வந்தார். அவருடைய வேனிலிருந்தும் இறங்க மறுத்தோம். இந்தத் தடவை லயத்துப் பெண்கள் சிலர் வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். அதை ஒருத்தி படம்பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டாள். உடனே எல்லாம் நடந்தது. வேன் ஆபீசிலிருந்து தோட்ட மேனேஜருக்கு ஒரு போன். அவ்வளவுதான். அவர் சரி என்றார். அதற்கு முன்னால் அவரை யாருமே கேட்டதில்லையாம். ஒரு போன் போடச் சோம்பல்பட்டு என் புருஷனின் இரண்டு விரலைத் தின்றிருக்கிறார்கள்.

இப்போது வேன் தோட்டத்துக் கோயில் வரைக்கும் வருகிறது. முதல் நாள் ஆபீஸ்காரர்கள் பேனரோடு வந்தார்கள். வரிசையாக நிற்கச் சொன்னார்கள். என் கணவர் ஊன்றுகோலோடு போய் நடுவில் நின்று சிரித்தார். அவர் சுபாவம் அது. நான் அந்த வரிசைக்குப் போகவில்லை. போனில் பேசிய பெண்ணும் வந்திருந்தாள். குரலை வைத்தே கண்டுபிடித்தேன். அவளிடம் போய், அன்றைக்கு எங்களை உள்ளே கொண்டுவந்து விட்ட டிரைவர் எங்கே என்று கேட்டேன்.

"அவரு இப்ப எங்ககிட்ட இல்ல, மேடம்," என்றாள். "வாங்களேன், நீங்களும் ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."