முன்பக்க அப்சோர்பரும் முப்பது வருட அனுபவமும்

தேயிலைத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் லோரி பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு சொந்தக் காரிடம் தோற்றேன்.

கார் என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது என் மனைவி சரோஜா. திரிங்காப் பூத்தோட்டங்களில் செவ்வந்தி வாங்கி, கம்போங் ராஜா ஊர்க் கடைகளுக்குக் கொடுப்பாள். ஒருநாள் வளைவில் பூ வைத்த வாளிகள் கவிழ்ந்து, பின்சீட்டெல்லாம் தண்ணீரோடு வந்து சேர்ந்தாள்.

"பள்ளத்துல எறங்குனா காடி குதிக்கிறத நிறுத்த மாட்டேங்குது. பிரேக் போட்டா மூக்கு குத்துது. என்னன்னு பாருங்க லா."

பானெட்டின் மூலையை அமுக்கி விட்டேன். குலுக்கலை அடக்கும் அப்சோர்பர் நல்லதாக இருந்தால், கார் ஒரு தரம் எழும்பி நின்றுவிடும். எங்கள் கார் மூன்று தரம் தலையாட்டியது. குனிந்து பார்த்தால் இடது அப்சோர்பரில் எண்ணெய் வழிந்திருந்தது. டயர் குழி குழியாகத் தேய்ந்திருந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் கெட்டிக்காரன் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும்.

"கோலா தெர்லா ஒர்க்‌ஷாப்புல விட்டுரலாமே," என்றாள்.

"லோரிக்கே மாத்துனவன் நான். இது பொம்ம மாதிரி."

லோரியில் ஸ்பிரிங் தனி, அப்சோர்பர் தனி. இந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கை அமுக்கி அப்சோர்பர் மேலேயே பூட்டியிருக்கிறார்கள். இடது பக்கத்துக்கு மட்டும் புது அப்சோர்பர் வாங்கப் போனேன். கார் சாமான் கடைக்காரர், "ஸ்பிரிங்க அமுக்கிப் புடிக்கிற கிளாம்ப் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அது எதற்குத் தேவை என்றே எனக்குத் தெரியாது. கேட்க வெட்கம்.

ஜாக்கி போட்டு, கட்டை முட்டுக்கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, அப்சோர்பரை ஸ்பிரிங்கோடு வெளியே எடுத்தேன். கார் பாரம்தான் இல்லையே, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நம்பினேன். சரோஜாவை அடிப்பக்கம் பிடிக்கச் சொல்லி, மேல் நட்டைத் திருகினேன்.

பட்டென்று ஒரு சத்தம். ஸ்பிரிங் எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவே பாய்ந்து தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது.

சரோஜா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "மொகத்துல பட்டிருந்தா?" என்றாள் மெதுவாக. நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கூரை ஓட்டையைப் பார்த்தேன்.

அவள்தான் கோலா தெர்லா மெக்கானிக் வேலுவுக்குப் போன் போட்டாள். வந்தவன் கூரையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"ஸ்பிரிங்க அமுக்காமயா நட்ட தொறந்தீங்க அண்ணே?"

"மறந்துட்டேன்."

"மறக்கல தம்பி. அவருக்குத் தெரியாது," என்றாள் சரோஜா.

வேலு சிரிக்கவில்லை. "ஒத்த பக்கம் மட்டும் வாங்கிருக்கீங்க. ரெண்டையும் சேத்துதான் மாத்தணும்," என்று இன்னொன்றுக்கு ஆள் அனுப்பினான். கிளாம்ப் போட்டு மாட்டி முடித்தான். நான் அவனுக்கு நட்டு பொறுக்கிக் கொடுத்தேன்.

இப்போதும் தோட்டத்து லய வீடுகளில் யாராவது கூப்பிட்டால் பானெட்டை அமுக்கிப் பார்க்கிறேன், டயரைத் தடவிப் பார்க்கிறேன். மாற்றித் தரச் சொன்னால், "எனக்குத் தெரியாது, வேலுகிட்ட போங்க" என்கிறேன். 'தெரியாது' என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பழகியிருக்க வேண்டிய வார்த்தை. அறுபத்திரண்டு வயதில்தான் வாயில் வந்தது.