தம்பி சுட்ட பரங்கிக்காய் பஃப்

துபாயில் ஒரு பேக்கரியில் பதினோரு வருஷம் வேலை பார்த்த என் தம்பி, சர்க்கரை நோயில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் ஊருக்குத் திரும்பினான். கல்யாணம் ஆகாதவன். பெரம்பலூரில் என் வீட்டிலேயே தங்கிக்கொண்டான். வாரத்தில் இரண்டு நாள் அவனை அரியலூருக்கு டயாலிசிஸுக்கு பஸ்ஸில் கூட்டிப்போவேன்.

மற்ற நாட்களில் சும்மா படுத்திருக்க அவனால் முடியவில்லை. பெட்டியில் கொண்டுவந்த சின்ன ஓவனை அடுப்படியில் வைத்தான். ஐப்பசியில் சந்தை முழுக்கப் பரங்கிக்காய். துபாயில் வெள்ளைக்காரர்கள் குளிருக்கு முந்தின மாசங்களில் பரங்கிக்காய் வைத்த இனிப்பு பஃப்பை வரிசையில் நின்று வாங்குவார்களாம். காயை ஆவியில் வேகவைத்து, மசித்து, நாட்டுச்சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் சுக்கும் போட்டுக் கிளறுவான். மைதா மாவில் வெண்ணெயை வைத்து மடித்து மடித்துத் தேய்ப்பான். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன இடது கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, வலது கையாலேயே தேய்ப்பான்.

ஆனால் அவன் அதில் ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது. இனிப்பும் ஆகாது, பரங்கிக்காயும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் நான் சாப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

"கிராம்பு தூக்கலா இருக்காக்கா?"

"லேசா."

"இனிப்பு மொதல்ல தெரியுதா, கடைசியிலயா?"

இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பான். நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் டயாலிசிஸ் வார்டு சிஸ்டர்களுக்குக் கொடுக்க ஒரு டப்பா நிறையச் சுட்டான். அன்றைக்கு எனக்குத் தலைவலி. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. அவன் கேட்டபோது, வாயில் வைக்காமலே "நல்லாருக்குடா" என்று சொல்லி டப்பாவை மூடினேன்.

வார்டில் ஆளுக்கொன்று எடுத்தார்கள். சிரித்தபடி சாப்பிட்டார்கள். ஒருத்தர்கூட இரண்டாவது எடுக்கவில்லை. அதைக் கவனித்தவன், திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான்.

"அக்கா, நீ சாப்ட்டியா?"

பொய் சொல்ல வரவில்லை. "இல்லடா" என்றேன். மீதியிருந்த ஒன்றை எடுத்துக் கடித்தேன். சர்க்கரையே போடவில்லை. மறந்திருக்கிறான். வெறும் பட்டையும் சுக்கும் நாக்கைச் சுட்டன.

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவால்ல வுடு. எனக்குன்னு இருக்கறது ஒன் நாக்குதானே, அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த வாரம் திரும்பச் சுடலாம் என்று காய் வாங்கி வைத்தேன். அதற்குள் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாம் நாள் காலை போய்விட்டான். நான் டீ வாங்கக் கீழே போயிருந்த நேரம். அந்தக் காயை என்ன செய்வதென்று தெரியாமல், அடுத்த வீட்டு மாட்டுக்கு வெட்டிப் போட்டேன்.

போன மாசம் சிறுவாச்சூர் கோயில் வரிசையில் அந்த வார்டு சிஸ்டர்களில் ஒருத்தியைப் பார்த்தேன். அவன் சாவதற்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவள்.

"தம்பி எப்படிங்க இருக்காரு?" என்று கேட்டாள்.

சொன்னேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இருவரும் வரிசையில் நகர்ந்தோம்.