கண்காட்சிக்கு நான் செய்த புரோகிராம்

பள்ளிக் கண்காட்சி என்று யாராவது சொன்னாலே எனக்கு இன்றைக்கும் ஆகாது. எரிமலை, காற்றாலை, தெர்மாகோல் இதயம் எல்லாவற்றையும் ஆசிரியர்கள் நாங்கள்தான் செய்வோம். பிள்ளைகள் பக்கத்தில் நின்று, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். பார்க்க வருபவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் கைதட்டுவார்கள். ஏற்காட்டில் நான் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்த பள்ளியிலும் இதே கூத்துதான்.

அந்த வருஷம் ஏழாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு பாடம் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் புரோகிராம் ஆகிவிடும். பச்சைக் கொடியை அமுக்கினால் ஓடும். வாக்கியம் மொத்தமாக வந்து விழாமல், டைப்ரைட்டரில் அடிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக வரவைப்பது அதில் ஒரு பயிற்சி. ஓர் எழுத்தைச் சேர், கொஞ்சம் பொறு, அடுத்ததைச் சேர். அவ்வளவுதான். வகுப்பில் ஒருத்திதான் அதை முடித்தாள். வாழவந்தியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்.

அவளுக்குத் தமிழில் வரவேண்டும் என்று ஆசை. ஆனால் தமிழ் எழுத்துகள் கொம்பு தனி, கால் தனி என்று சிதறின. "மிஸ், ஒடஞ்சு ஒடஞ்சு வருதுங்க" என்றாள். இங்கிலீஷிலேயே செய் என்று சொல்லிவிட்டேன். சரிசெய்ய எனக்குத் தெரியாது, அதுதான் உண்மை. அவள் விடவில்லை. ஒவ்வொரு முழு எழுத்தையும் தனியாக ஒரு பட்டியலில் அடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேயே போயிற்று.

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா? எங்க ஊட்டுக்கு வாங்க" என்று திரையில் வந்தது. கேள்விக்குறி வந்ததும் இரண்டு விநாடி நின்றது. ஏன் நிற்கிறது என்று கேட்டேன்.

"அவங்க பதில் சொல்லோணுமில்லீங்க, மிஸ்" என்றாள்.

கண்காட்சிக்கு அதையே வைப்பதாக முடிவாயிற்று. அவளுடைய அம்மா எஸ்டேட் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பார்க்க வருவதாக இருந்தது.

முந்தின நாள் தலைமையாசிரியர் வந்து பார்த்தார். "ஏனுங்க டீச்சர், சீஃப் கெஸ்ட் வர்றாருங்க. இதென்னங்க ஊட்டுக்கு வாங்க, காட்டுக்கு வாங்கன்னுட்டு? டீசன்ட்டா இங்கிலீஷ்ல போடுங்க" என்றார். என் வேலையை நிரந்தரமாக்கப் போவதாக ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். தலையாட்டினேன். அவள் வீட்டுக்குப் போனபிறகு, அவளுடைய பட்டியலை முழுக்க அழித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரவேற்பு வாசகத்தைப் போட்டு, அதே பெயரில் சேமித்தேன். பழையதற்கு ஒரு பிரதி எடுத்து வைக்கும் புத்திகூட எனக்கு இல்லை. கம்ப்யூட்டர் டீச்சராம்!

காலையில் அவள் திறந்து பார்த்துவிட்டு, "நான் செஞ்சது எங்கங்க, மிஸ்?" என்றாள்.

"அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு. இப்ப இதை மனப்பாடம் பண்ணு" என்று ஒரு தாளை நீட்டினேன்.

சீஃப் கெஸ்ட் எங்கள் கம்ப்யூட்டர் முன் வந்து நின்றபோது திரையில் நாலு எழுத்துதான் வந்திருந்தது. அதற்குள் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியர் என் காதோரம், "சீக்கிரம் வரவைங்க" என்று பல்லைக் கடித்தார். 'பொறு' என்ற கட்டையை உருவிப்போட்டு மறுபடி ஓட்டினேன். வாசகம் ஒரேயடியாகத் திரையில் விழுந்தது. அதற்கும் கைதட்டினார்கள். அவள் ஒப்பித்தாள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். அவர்கள் மேலும் என் மேலும் எனக்கு வந்த அருவருப்பைச் சொல்லி மாளாது.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய அம்மா வந்தார். திரையைத் தொடாமல் குனிந்து பார்த்து, "எம் புள்ள செஞ்சதுங்களா?" என்றார்.

"ஆமாங்க, முழுக்க அவளே செஞ்சது" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது!

"இல்லம்மா, இது மிஸ் செஞ்சது. என்னோடத அழிச்சிட்டாங்க" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மகளின் தலையைத் தடவி, "உடு சாமி. டீச்சர் உன்ற நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க" என்றார். என்னைக் கும்பிட்டார்.

யாருடைய நல்லதுக்கு என்று எனக்குத் தெரியும். நானும் கும்பிட்டேன். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாயிற்று.