கறுப்புப் பெட்டியில் மூக்காயி

என் வீட்டுக்காரர் கிறிஸ்துராஜ் பெரிய சந்தேகப் பிராணி. திண்டுக்கல்லில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த இருபது வருஷமும் வந்த ஆளை நம்பியதில்லை. எடுத்த நெகட்டிவைத்தான் நம்பினார். "ஆளு பொய் சொல்லும், பிலிம் பொய் சொல்லாது" என்பார். அந்தப் பிலிமில் பென்சில் வைத்து அம்மைத் தழும்பையும் கரும்புள்ளியையும் மறைத்துக் கொடுப்பவள் நான். எனக்குச் சிரிப்பாக வரும்.

நெகட்டிவ் ஒன்றைக்கூட எறிய மாட்டார். முதலில் ஒரு பிஸ்கட் டின், அப்புறம் ஒரு அலமாரி, அதுவும் போதாமல் நான் அரிசி கொட்டி வைத்திருந்த மரப்பெட்டியையும் பிடுங்கிக்கொண்டார். ஊருக்கு நாலு மூக்காயி, அஞ்சு கருப்புசாமி இருப்பதால் எல்லாவற்றையும் ஊர்வாரியாகக் கட்டினார். கரப்பான் அண்டாமலிருக்கப் புகையிலைக் காம்பு போட்டார். வேடசந்தூர்க்காரர் ஒருவர், "எம் புள்ள படத்தைச் செத்தவுக படத்தோட வச்சிருக்கியே, வெளங்குவியா?" என்று சண்டைக்கு வந்த பிறகு, உயிரோடிருப்பவர்களுக்குப் பச்சைப் பெட்டி, இறந்தவர்களுக்குக் கறுப்புப் பெட்டி என்றானது. சுவரில் மாட்ட மாலை போட்ட பெரிய படம் வேண்டுமென்று யாராவது வந்தால், அன்றைக்கே அந்த நெகட்டிவ் பச்சையிலிருந்து கறுப்புக்குப் போய்விடும்.

1959 ஆவணியில் குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து மூக்காயி என்றொருத்தி வந்தாள். புருஷன் கண்ணுசாமி பினாங்கில் வேலை பார்க்கிறார்.

"ஏழு மாசமா கடுதாசியே இல்லய்யா. எனக்கும் கொழுந்தன்தான் எழுதிப் போடுவாரு. போன வருசம் இங்கன எடுத்த படத்துல இன்னொண்ணு போட்டுக் குடுங்க. அனுப்பிப் பாக்குறேன்."

பச்சைப் பெட்டியில் இல்லை. கறுப்பில் இருந்தது. இவர் முகம் இறுகிவிட்டது.

"இந்தம்மா செத்துப்போச்சு. நீ யாரு?" என்றார்.

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன் தாடையில இம்புட்டுப் பெரிய தழும்பு இருக்கு. இதுல இல்ல. யாரை ஏமாத்த வந்த?"

எனக்கு வந்ததே கோபம்! "கூறுகெட்ட மனுசா! அதை மறைச்சதே நான்தான். நல்லாப் பாருங்க, பென்சில் கோடு தெரியும்."

உறையைப் பிடுங்கிப் படித்தேன். இவர் கையெழுத்துதான்: 'தை 12. கொழுந்தன் கருப்புசாமி. இறந்தவர் படம், மாலையோடு. கூடவே சின்னப் படம் ஒன்று, பினாங்குக்குத் தபாலில் அனுப்ப.'

மூக்காயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடப் பாவி! நான் இருக்குற மட்டும் கெணத்துத் தோட்டம் கைக்கு வராதுன்னு, என்னையக் கொன்னுபுட்டானே! அவரு இந்நேரம் எனக்குத் திதி குடுத்திருப்பாரே!"

"ஊர் உலகத்தையே சந்தேகப்படுவீங்க. அந்தக் களவாணி துண்டை வாயில பொத்தி அழுததும் நம்பிட்டீங்களாக்கும்?" என்று இவரைக் கேட்டேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

அவள் எழுந்து முகம் கழுவி வந்தாள். "புதுசா ஒண்ணு எடுங்கய்யா. அக்கா, இந்த வாட்டி தழும்பை மறைச்சுராதீங்க. கெணத்து வாளி அவரு கைநழுவிப் பட்ட காயம். பாத்தா அவருக்குத் தெரியும்."

அன்றைக்கே எடுத்துக் கழுவி, அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதத்தோடு மறுநாளே அனுப்பினோம். புது நெகட்டிவை இவர் எந்தப் பெட்டியிலும் போடவில்லை. ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

கார்த்திகையில் ஒருவர் டிரங்குப் பெட்டியோடு கடை வாசலில் நின்றார். கப்பலில் வந்திறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறார். பின்புறம் எங்கள் கடை முத்திரை போட்டு நாங்கள் அனுப்பிய படத்தை நீட்டினார்.

"கடுதாசிய யாரு வேணாலும் எழுதலாம். இது எப்ப எடுத்ததுங்க? அவ சாகுறதுக்கு முந்தியா?"

இவர் உடனே பதில் சொல்லிவிடுவாரா? "நீங்கதான் கண்ணுசாமின்னு நான் எப்படி நம்புறது? அந்தத் தழும்பு எப்படி வந்துச்சு, சொல்லுங்க."

"வாளிங்க... என் கையிலருந்துதான்..." அதற்கு மேல் முடியாமல் தேம்பித் தேம்பி அழுதார்.

"ஆவணியில எடுத்தது. உசுரோட இருக்கா. பன்னெண்டு மணிக்குப் பஸ்ஸு, ஓடுங்க!" என்றார் இவர்.

அவர் போனதும் பழைய நெகட்டிவையும் புதியதையும் ஒன்றாகக் கட்டிப் பச்சைப் பெட்டியில் வைத்தார். அதற்குப் பிறகு மாலை போட்ட படம் கேட்டு யார் வந்தாலும், சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்து வருவார். போன இடத்திலெல்லாம் சாவு நிஜமாகத்தான் இருந்தது. கறுப்பிலிருந்து பச்சைக்குத் திரும்பியவள் மூக்காயி ஒருத்திதான்.