இடுப்பில் கட்டிய தைரியம்

ஆரியங்கோட்டுத் தங்கப்பனின் மகள் பிரசீதாவைப் போலப் பயப்பட அந்தப் பக்கத்தில் இன்னொரு ஆள் கிடையாது. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், வெயில் காலத்தில் ரப்பர்க் காய் வெடிக்கிற சத்தத்துக்குக்கூடப் பயம். நெய்யாற்றின்கரையில் பௌதிகம் படித்து முதல் வகுப்பில் தேறிய பிறகும், இருட்டிவிட்டால் வீட்டுக்குப் பின்புறம் தனியாகப் போகமாட்டாள்.

"குளிமுறிக்குப் போவத் தொணைக்கு ஆள் வேணும். இவளாக்கும் ஜெர்மனிக்குப் போவப் போறா" என்று தங்கப்பன் சிரிப்பார்.

சிரித்தாலும் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். ஏழு வயதில், பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு மனிதரைப் பிணமாகத் தூக்கியதைக் கூட்டத்துக்குள் புகுந்து பார்த்துவிட்டாள். பெரியவர்கள் யாராவது கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டாமா? ஒருவரும் கவனிக்கவில்லை. அன்று முதல் தூக்கத்தில் அலறி எழுவாள், "அம்மா, அம்மா" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிடுவாள். தாய் விலாசினி மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். அது போதாதென்று திருப்புறத்துப் பக்கம் கோயில் பூஜை செய்யும் ஒரு போற்றியிடம் போய் ஏலஸ் ஜெபித்து வாங்கிவந்தாள். தாயத்துதான். விரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளிக் குழல், உள்ளே எழுத்துப் பொறித்த செப்புத் தகடு, வாயை அரக்கு வைத்து அடைத்தது. கறுப்புச் சரட்டில் கோத்து மகளின் இடுப்பில் கட்டினாள். எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக்கூடாது, திறந்தால் உள்ளே அடைத்தது வெளியே வந்துவிடும் என்று போற்றி சொல்லியிருந்தார்.

அலறல் நின்றது. நிறுத்தியது மருந்தா ஏலஸா என்று சோதித்துப் பார்க்கும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. பிள்ளை வளர வளரச் சரடு மாறியது, குழல் மாறவில்லை. எந்தப் பரீட்சையானாலும் பிரசீதா வலது கையால் எழுதுவாள், இடது கை சுடிதாருக்கு மேலாக இடுப்பைத் தடவிக்கொண்டிருக்கும்.

மேற்படிப்புக்கு அவள் விரும்பிய ஜெர்மன் பல்கலைக்கழகம் மார்க்கை மட்டும் பார்த்துத் திருப்தி அடையவில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு மூளை எப்படி ஓடுகிறது என்று பார்க்கத் திறனறித் தேர்வு ஒன்று வைத்திருந்தது. வரிசையாகச் சில உருவங்களைக் காட்டி அடுத்தது எது என்று கேட்பார்கள். கட்டம் போட்டுச் சில எழுத்துகளை வைத்து, மிச்சக் கட்டங்களில் எந்த எழுத்து வரும் என்பார்கள். வீட்டில் மொபைலில் பழகும்போது பிரசீதாவுக்கு அதெல்லாம் கடலை கொறிப்பது மாதிரி. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவைதான் எழுத விடுவார்கள். அன்று தவறினால் இந்த வருடம் போச்சு. அடுத்த வருடம்வரை வீட்டில் விட்டுவைக்க மாட்டார்கள், ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு வரன் ஏற்கெனவே இரண்டு முறை வந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தது.

தேர்வன்று தாயும் மகளும் பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் போனார்கள். மையத்தின் வாசலோடு விலாசினியை நிறுத்திவிட்டார்கள். உள்ளே வாட்சைக் கழற்றச் சொன்னார்கள், கம்மலைக் கழற்றச் சொன்னார்கள். எல்லாம் கழற்றிய பிறகும் சோதனைக் கருவி அவள் இடுப்பருகில் வந்ததும் அலறியது.

மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். அது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஏலஸ் என்றாள். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பூஜை செய்த கயிறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பயந்த பிள்ளைக்குப் பொய் வராது.

"உண்டு சார். தகடு உண்டு. அதுல கட்டம் போட்டு எழுத்து எழுதியிருக்கும்."

கட்டத்தில் எழுத்து நிரப்பும் தேர்வுக்கு, இடுப்பில் கட்டம் போட்ட எழுத்தோடு வந்து நிற்கிறாள்! மேற்பார்வையாளரின் முகம் மாறிப்போயிற்று. என் முன்னால் திற, இல்லையென்றால் கழற்றி வெளியே வை, இரண்டும் முடியாதென்றால் காப்பியடிக்க வந்ததாக எழுதி அனுப்பிவிடுவேன் என்றார். கதவு மூட நேரம் நெருங்கிவிட்டது.

பிரசீதா சரட்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். எத்தனையோ குளியலில் ஊறி இறுகிப்போன முடிச்சு, நகம் ஏறவில்லை. பெண்களைச் சோதிக்க நின்றிருந்த ரெஜிலா அவளை மறைப்புக்குள் கூட்டிப்போனாள். பாறசாலைக்காரி, பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"தொறக்காண்டாம் மக்கா. எங்க ஊட்டுப் பிள்ளையளுக்கும் உண்டு. நான் சரட முறிச்சு எடுத்து வச்சிருக்கேன்."

"முறிச்சா எனக்கு என்னமாவது ஆயிரும் அக்கா."

"இப்பம் எழுதாமப் போனா?"

பிரசீதா கண்ணை மூடிக்கொண்டாள். "முறியுங்க" என்றாள். கத்தரி சின்னதாக ஒரு சத்தம் போட்டது. இடுப்பு காலியானது. உடுத்திய துணி அவிழ்ந்த மாதிரி கூசியது.

கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். திரையில் உருவங்கள் வந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தாள். நெஞ்சு அடைத்து விழப்போகிறோமா, அலறப்போகிறோமா, ஈரம் சொட்டச் சொட்ட அந்தக் கிணற்று மனிதர் வந்து நிற்கப்போகிறாரா? இடது கை தானாக இடுப்புக்குப் போயிற்று, ஒன்றும் தட்டுப்படாமல் திரும்பி வந்தது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. முதல் பாகம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னபோது பாதிக் கேள்விகளை அவள் தொட்டிருக்கவே இல்லை.

வரவேண்டியது எதுவும் வரவில்லை. ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு நிஜமான பயம் பிடித்தது. அம்மாடி, ஒன்றுமே நடக்காமல் நான் தோற்றுப்போவேனே! கிணற்று மனிதரை நம்பி உட்கார்ந்திருந்தால் ஆரல்வாய்மொழிக்காரன் அல்லவா வந்துவிடுவான்!

மவுஸைப் பிடித்தாள். விரல் நடுங்கியது, நடுங்கிய விரலாலேயே அழுத்தினாள். அழுகை வந்தது, அழுதுகொண்டே கட்டத்தை நிரப்பினாள். பயம் ஒரு நிமிடம்கூட அவளை விடவில்லை. அவளும் அது விடட்டும் என்று காத்திருக்கவில்லை. கடைசிக் கேள்வியில் பதிலை அழுத்தியபோது பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

வெளியே வந்தபோது ரெஜிலா ஏலஸைக் காகிதத்தில் பொதிந்து கொடுத்தாள். அறுந்த சரட்டைக் கண்டதும் விலாசினி அங்கேயே, நடைபாதையில் வைத்தே கட்டிவிடப் பார்த்தாள். பிரசீதா அதை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"நல்லா எழுதினியா மக்கா?"

"மொதல் பாகம் பாதி போச்சு. மிச்சம் ஒப்பேத்திட்டேன். கிட்டும்னாக்கும் தோணுது."

விலாசினி சந்தோஷப்படவில்லை. சாமியைக் கும்பிடவும் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பாலராமபுரம் தாண்டியது. பிறகு, யாரோ கழுத்தைப் பிடித்துக் கேட்க வைத்தது போலக் கேட்டாள்.

"அங்க போய் ராத்திரி பயந்தா நீ ஆர விளிப்பே?"

பிரசீதா யோசித்தாள். அந்தக் கேள்விக்கும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"ஆரையும் விளிக்க முடியாதும்மா. பயந்துக்கிட்டே கெடப்பேன். பொழுது வெளுக்கும்லா."

ஏலஸ் கட்டிய நாளிலிருந்து மகள் முன்னால் அழாத விலாசினி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.